மண் காயும் வரை

கார்த்திகைக் கடைசியில் போன் வந்தது.
ஏரம்பமூர்த்தி அண்ணை நிறையப் பேசமாட்டார்:
"மண் ஊறிப்போச்சு பிள்ளை.
காயட்டும், பிறகு கூப்பிடுறன்."

முழங்கால் மெத்தை இரண்டையும் அலசி
அடுப்படிக் கொடியில் போட்டேன்.
மூன்று நாளாகியும் காயவில்லை.

ஒன்பது மாதம்
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழங்காலில் நிற்கிறவள் நான்.
முன்னால் சிவப்புத் தடி, பின்னால் வெள்ளைத் தடி.
ஒரு நாளைக்கு இரண்டு பாய் விரிக்கிற நிலம்,
கருவி அடிக்கடி கீச்சிட்டால் அதுவும் இல்லை.

முதல் கிழமை கை அடங்கவில்லை.
வெங்காயத் தோலையும் பக்கவாட்டில் கத்தியைச் சரித்து,
மெதுமெதுவாக.
கோழி கிளறிய பள்ளத்தில் ஏதோ மினுங்க
குந்தியிருந்து கனநேரம் பார்த்தேன்.
சோடா மூடி.
வெறும் சோடா மூடி.

மழை விட்டபாடில்லை.
முத்தையன்கட்டு வான் பாயுதாம் என்று
மோட்டார் சைக்கிளில் போன ஒருவன் கத்திக்கொண்டே போனான்.
செவ்வாய்க்கிழமை வருகிற லோன்காரத் தம்பி வரவில்லை,
பாலத்துக்கு மேலே தண்ணீர்.
பாவம், அவனும் எங்காவது
ஒரு தேத்தண்ணியோடு குந்தியிருக்கட்டும்.

சும்மா இருக்க எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
அசையாமல் இருப்பதற்குத்தானே சம்பளம்.
மூச்சைப் பிடித்து,
விரல் நுனியில் மட்டும் உயிரை வைத்து
எத்தனை மத்தியானம் இருந்திருக்கிறேன்.
ஆனால்
அந்த மண்ணுக்குள்ளே கிடப்பவையும்
அசையாமல்தான் கிடக்கின்றன,
இத்தனை வருடமாய், கண் மூடாமல்.
அதைப் போய் ஓய்வென்று யார் சொல்வார்கள்?

இப்போது அங்கே யாரும் இல்லை.
தடிகள் தண்ணீரில் கழுத்தளவுக்கு நிற்கும்.
புல் எழும்பியிருக்கும்.
நான் கால் வைக்காத இடமெல்லாம்
மயில் நடந்து திரியும்.
மயிலின் பாரம் போதாது.

மார்கழி பிறந்து ஆறாம் நாள்
கிணற்றடிப் பாசியில் வழுக்கி
மல்லாக்க விழுந்தேன்.
வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
முதுகு, பின்னந்தலை, இரண்டு குதிக்கால்,
விரித்தபடி இரண்டு கையும்,
முழு உடம்பும் ஒரேயடியாய் மண்ணில்.
அளக்காமல்.
மண்ணிடம் ஒன்றும் கேட்காமல்.

ஒன்றும் நடக்கவில்லை.

எழும்பவேண்டும் என்று நினைத்தேன்,
எழும்பவில்லை.
கண்ணுக்குள் மழை விழுந்தது.
மண் என்னைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தது,
அது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.
கையுறை இல்லாமல் தொட்டால்தானே தெரியும்.
வேலிக்கு அங்காலே ஒரு மாரித்தவளை
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது,
அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆரூரன் வாசலில் வந்து நின்று
"அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்றான்.
"ஒண்டும் இல்லை" என்றேன்.
வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு பின்னேரமும்
இதையேதான் சொல்வேன்.
பொய்யில்லாமல் வந்தது அன்றுதான்.
அவன் குடையைக் கொண்டுவந்து
என் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு
தான் நனைந்தான்.
பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைக்கு அவசரம் ஏது.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் படுக்கிறேன்.
கூதலுக்குச் சாக்கை விரித்து அதன்மேல் பாய்.
கால் நீட்டினால் சுவர் வரை என்னுடையது.
வயல்காரர்கூட இப்போது
வரம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்,
பயிருக்குச் செய்ய ஒன்றுமில்லை, மழை செய்கிறது.
முழங்கால் இரண்டும்
நித்திரையில் தாமாக ஒருமுறை மடங்கும்,
பிறகு ஞாபகம் வந்து நீளும்.

நேற்று தர்மிலா எடுத்தாள், எனக்குப் பக்கத்துப் பாதைக்காரி.
"தைக்குப் பிறகு வெயிலாமடி."
வரட்டும், என்றேன்.
நிமிர்ந்து கொடியைத் தொட்டுப் பார்த்தேன்.
மெத்தை இரண்டும்
இன்னும் ஈரம்.